கலங்கரை விளக்கமும் மாமல்லை மலைக்கோயிலும்

கடலிற் செல்வார்க்குத் துறை இன்னதென அறிவித்தற்பொருட்டு உயர்ந்த மாடத்தின்கண் இரவில் ஏற்றப்படும் எரியைக் கலங்கரை விளக்கம் என்றனர் முன்னோர். இத்தொடரிற் கரை என்பது கடற்கரையைக் குறித்ததெனப் பலருங் கொள்வர். அது பொருந்தாது. கரைதல் அழைத்தல், காக்கை கரைந்தது என்னும் வழக்கினை நோக்குக. இருளில் அலமரும் மரக்கலங்களைத் துறைக்கண் அழைத்தலின் அப்பெயர் பெற்றது.

இதன் இயல்பினைப் பெரும்பாணாற்றுப்படையுள், நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தைக் கூறுமிடத்துக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உணர்த்துவர். ஏணி சாத்தியும் ஏறுதற்கரிய உயர்ச்சியும், மேலே கூரை வேயப்படாமையும் அம்மாடத்திற்கு உரியனவாம். கூரை வேயாமை குறையன்று. ஆங்கு எரிந்தது அகல்விளக்கன்று. ஞெகிழி, அஃதாவது கொள்ளிக்கட்டை. அத்தகைய பெருந்தீயின்மேற் கூரை நில்லாதன்றோ! அகநானூற்று 255-ஆம் பாட்டும், மீகாமன் மாடத்தெரியைக் குறிக்கொண்டு கலஞ் செலுத்துதலைப் பேசுகின்றது. புகாரில் இவ்விளக்கம் இருந்தமை சிலப்பதிகாரத்தாற் பெறப்படும்.

இனி, சிவாலயமொன்றே கலங்கரை விளக்கமாய் எடுக்கப்பட்டதென வழங்கும் செய்தியை ஆராய்வது சைவர்க்குக் கடனாம். மாமல்லபுரத்தில், மகிடமர்த்தனி குடைவரைக்கு மேலே பாறையுச்சியில், 8-ஆம் நூற்றாண்டிற் பல்லவர் எடுத்த கற்றளியொன்று உளது. புறச்சுவரில் தக்கிணாமூர்த்தியும், கயிலை பெயர்க்கலுற்ற அரக்கனுக்கு அருள்செய்த மூர்த்தியும் விளங்குதலின் அது சிவாலயமென்பதில் ஐயமில்லை. விமானத்தின் மேற்பகுதி இப்போது இல்லை. ஒலக்கண்ணேசுவரம் என வழங்கும் அதன் பெயரை உழக்கெண்ணெய் ஈசுவரம் என்பதன் திரிபாகக் கொண்டு, ஊரார் அளித்த எண்ணெயால் உச்சியில் எரிந்த விளக்கே பல்லவர் காலந்தொட்டு மரக்கலங்களை அழைத்ததென்பர் சிலர்.

இது கேட்டற்கு இனிது, துணிதற்கு அரிது. பெயர்த்திரிபு அதுவேயாயினும், உழக்கென்பது நாழியிற் காற்கூறு. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு இரவும் பகலும் எரிதற்கு நாள்தோறும் உழக்கு நெய் என்பது சோழர் கல்வெட்டுக்களிற் பரக்கக் காணப்படும் அளவு. அதன்பொருட்டுச் சாவாமூவாப் பேராடுகள் 90 அல்லது 96 விடப்பட்ட செய்திகளும் பல. ஆகவே உழக்கெண்ணெய் கருவறை விளக்கிற்குப் பொருந்துமேயன்றி, நெடுந்தொலைவிற் செல்லும் கலங்களுக்குத் தோன்றும் பேரெரிக்குப் போதாது. சங்கச் சான்றோர் காட்டும் வேயா மாடத்திற்கும், சிகரம் பொருந்த எடுக்கும் விமானத்திற்கும் அமைப்பும் வேறு. உச்சியில் எரிந்த கோயில் விளக்கு ஒரோவழிக் கடலோரஞ் செல்லும் பரதவர் கண்ணிற் பட்டிருத்தல் கூடும். அதுபற்றிக் கோயிலையே அதற்கென எடுத்தனரென்றல் மிகை.

ஐயமின்றித் தெரிவது இதுவே. ஆங்கில அரசினர் 1887-இல் இக்கோயிலின் மேற்றளத்தில் விளக்கொன்று அமைத்தனர். சிவபெருமான் உறையுளின் தலைமேல் ஏறினரே என்று அன்பர் வருந்துதல் இயல்பே. எனினும் அவர் நாடியது உயரம் ஒன்றனையே. சென்னையில் 1894 முதல் தம் உயர்நீதிமன்றத்தின் மாடத்தின்மீதும் அவ்வாறே கப்பல் விளக்கை ஏற்றினர். மாமல்லையில் 1900-இல் அருகே தனிக் கற்கோபுரம் எடுக்கத் தொடங்கி, 1904-இல் அதன்கண் விளக்கேற்றினர். அதன்பின் கோயிலின்மேல் விளக்கில்லை.