எரிமலை விடுதியின் மேடைக் கதை

சூதாட்ட விடுதி என்றதும் சீட்டு மேசையும் காசு இயந்திரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் அந்த எண்ணத்தை மாற்றிக் காட்டிய விடுதி ஒன்று இருந்தது. அதன் பெயர் மிராஜ். கானல் நீர் என்பது அதன் பொருள். பாலைவன நகருக்குப் பொருத்தமான பெயர்தான். 1989 நவம்பர் 22-இல் திறக்கப்பட்ட அவ்விடுதி 2024 ஜூலை 17-இல் மூடப்பட்டது. நேரடிக் கலைநிகழ்ச்சி எவ்வளவு பெரிய வணிகம், எவ்வளவு எளிதில் முறிந்துபோகக் கூடியது என்ற இரண்டையும் அதன் வரலாறு ஒருசேரக் காட்டுகிறது.

முன்பெல்லாம் லாஸ் வேகாஸில் ஆடலும் பாடலும் தூண்டில் இரை போன்றவை. மலிவான விலையில் விருந்தும் நிகழ்ச்சியும் கொடுத்தால், வந்தவர் போகும் வழியில் சூதாடுவார் என்பதே கணக்கு. நிகழ்ச்சியில் ஏற்படும் நட்டத்தைச் சூதாட்ட மேசை ஈடுகட்டிவிடும்.

தொழிலதிபர் ஸ்டீவ் வின் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். ஏறத்தாழ 63 கோடி அமெரிக்க டாலர் செலவில், 3,000-க்கும் அதிகமான அறைகளுடன், தென்கடல் தீவு ஒன்றின் தோற்றத்தில் மிராஜ் எழுந்தது. வாசலில் செயற்கை எரிமலை ஒன்று இரவுதோறும் நெருப்பைக் கக்கியது. அதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. சாலையில் போகிறவரை நிறுத்தி உள்ளே இழுப்பது அதன் வேலை. 2008-இல் எரிமலை புதுப்பிக்கப்பட்டபோது அதற்கு இசையமைத்த இருவரில் ஒருவர் இந்தியாவின் தபேலா மேதை, மறைந்த ஜாகிர் உசேன்.

புலிகளோடு வந்த இருவர்

உள்ளே காத்திருந்தது பெரிய ஈர்ப்பு. ஜெர்மனியில் பிறந்த மாயவித்தைக் கலைஞர்களான சீக்ஃபிரீட், ராய் ஆகிய இருவரும் வெள்ளைப் புலிகளையும் சிங்கங்களையும் மேடையேற்றிப் புகழ்பெற்றவர்கள். 1970-களின் இறுதியில் அவர்கள் ஸ்டார்டஸ்ட் என்ற விடுதியில் நிகழ்ச்சி நடத்தினர். அந்த விடுதி 2007-இல் தகர்க்கப்பட்டது. அதே நிலத்தில்தான் மலேசியாவின் கெந்திங் குழுமம் 2021-இல் தன் லாஸ் வேகாஸ் விடுதியைத் திறந்தது.

மிராஜில் அவர்களுக்கென்றே சுமார் 1,500 இருக்கைகள் கொண்ட அரங்கம் கட்டப்பட்டது. 1990-இல் காட்சிகள் தொடங்கின. நுழைவுச் சீட்டின் விலை சுமார் 70 டாலர். அந்நாளில் லாஸ் வேகாஸ் அதுவரை கேள்விப்படாத விலை அது. ஆயினும் அரங்கம் நிரம்பியது. சூதாடாதவர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். மற்ற விடுதிகளும் இவ்வழியைப் பின்பற்றின. 1990-களின் முடிவில், அந்தப் பெருஞ்சாலை விடுதிகளின் வருமானத்தில் பாதிக்கு மேல் அறை, உணவு, கேளிக்கை ஆகியவற்றிலிருந்தே வந்தது.

அந்த ஓர் இரவு

2003 அக்டோபர் 3. அன்று ராய்க்கு 59-ஆவது பிறந்தநாள். காட்சியின் நடுவே மான்டகோர் என்ற ஆண் புலி அவருடைய கழுத்தைக் கவ்வி மேடையிலிருந்து இழுத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. தமக்குப் பக்கவாதம் வந்ததை உணர்ந்து புலி தம்மைக் காப்பாற்றவே முயன்றது என்று அவர் பிற்காலத்தில் கூறினார். அதை ஏற்காதவர்களும் உண்டு. புலியைக் கொல்லக் கூடாது என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார். மான்டகோர் 2014-இல் நோயுற்று இறந்தது. ராய் 2020-இல் கொவிட் தொற்றாலும், சீக்ஃபிரீட் 2021-இல் புற்றுநோயாலும் மறைந்தனர்.

5,700-க்கும் அதிகமான முறை நடந்த காட்சி அந்த இரவோடு நின்றது. மேடைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் சேர்த்து 250-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர்.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. காட்டு விலங்குக்கு மேடையில் என்ன வேலை? கூண்டுகளில் வாழும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை, 1951-இல் மத்திய இந்தியாவின் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே புலியின் வழிவந்தவை. வெண்ணிறம் மாறாதிருக்க நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே அவற்றை இனப்பெருக்கம் செய்ததால் மாறுகண் முதலிய குறைகள் பெருகின. பார்வையாளர் வியந்த நிறத்துக்கு விலங்கு கொடுத்த விலை அது.

மனிதரே மேடையில்

அதே இடத்தில் 2,013 இருக்கைகளோடு வட்ட அரங்கம் ஒன்று உருவானது. கனடாவின் சர்க் டு சொலே நிறுவனம் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைக் கொண்டு படைத்த 'லவ்' என்ற நிகழ்ச்சி 2006 ஜூன் 30-இல் அங்கே தொடங்கியது. பீட்டில்ஸ் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் சர்க் டு சொலே நிறுவனர் கி லாலிபெர்டேவுக்கும் இருந்த நட்பில் பிறந்த எண்ணம் அது. தொடக்கவிழாவைக் காண ஹாரிசன் உயிரோடு இல்லை. விலங்குகள் இல்லை, மனித உடலின் திறமையே காட்சி. ஒரு கோடிக்கும் அதிகமானோர் அதைக் கண்டனர். கொவிட் காலத்தில் ஓராண்டுக்கு மேல் மூடப்பட்டபோதும் 2021-இல் மீண்டெழுந்தது.

ஆனால் மண்ணின் மதிப்பை மேடையால் வெல்ல முடியவில்லை. 2022-இல் ஹார்ட் ராக் நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து விடுதியின் உரிமையைப் பெற்றது. கிட்டார் வடிவில் புதிய கோபுரம் எழுப்புவது அதன் திட்டம். 2024 ஜூலை தொடக்கத்தில் 'லவ்' நிறைவடைந்தது. பத்தே நாளில் விடுதியும் மூடப்பட்டது. 3,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விடைபெற்றனர். எரிமலையும் அடங்கியது.

திரைப்படத்தைப் பெட்டியில் வைத்துக் காக்கலாம். நேரடிக் காட்சிக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வோர் இரவும் ஓர் உயிர் மேடையேறி, தவறுக்கும் ஆபத்துக்கும் இடங்கொடுத்து உழைத்தால்தான் அது நிகழும். விடுதிகள் விற்பது அந்த உழைப்பைத்தான். கைதட்டும் வேளையில் மேடைக்குப் பின்னால் நிற்பவர்களையும் பார்வையாளர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நல்லது.