சால்கோபைரைட்டு

சால்கோபைரைட்டு என்பது செம்பு, இரும்பு, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த சல்பைடு கனிமம். செம்புத் தாதுக்களில் மிகப் பரவலாகக் கிடைப்பது இதுவே. பித்தளை மஞ்சள் நிறமும் உலோகப் பளபளப்பும் கொண்டது.

வேதி இயைபு
இதன் வாய்பாட்டில் ஒரு செப்பு அணுவுக்கு ஓர் இரும்பு அணுவும் இரண்டு கந்தக அணுக்களும் உள்ளன. எடை அளவில் செம்பு 34.6, இரும்பு 30.4, கந்தகம் 35 விழுக்காடு. வெள்ளி, தங்கம், செலீனியம் முதலியவை சிறிதளவு கலந்திருப்பதுண்டு.

படிக அமைப்பு
சால்கோபைரைட்டு நாற்கோணப் படிகத் தொகுதியைச் சேர்ந்தது. துத்தநாக சல்பைடான ஸ்பேலரைட்டின் கட்டமைப்பே இதற்கும் அடிப்படை. அதில் துத்தநாகம் இருக்கும் இடங்களைச் செம்பும் இரும்பும் இங்கே ஒழுங்குமுறையோடு பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு உலோக அணுவையும் நான்கு கந்தக அணுக்கள் நான்முகி வடிவில் சூழ்கின்றன; ஒவ்வொரு கந்தக அணுவும் இரண்டு செப்பு அணுக்களோடும் இரண்டு இரும்பு அணுக்களோடும் பிணைந்துள்ளது.

இந்த ஒழுங்கினால் அலகுக்கூடு ஓர் அச்சில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதன் பக்கம் சுமார் 0.529 நானோமீட்டர், உயரம் சுமார் 1.042 நானோமீட்டர். உயரம் பக்கத்தைப் போல் 1.97 மடங்கு, சரியாக இரு மடங்கு இல்லை. ஆகவே கனசதுரச் சமச்சீர் அமைவதில்லை. சுமார் 550 பாகை செல்சியசுக்கு மேல் உலோக அணுக்களின் ஒழுங்கு குலைந்து கனசதுரக் கட்டமைப்பு உருவாகிறது.

பர்டிக், எல்லிஸ் ஆகியோர் 1917இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இக்கட்டமைப்பை ஆராய்ந்தனர். 1932இல் லைனஸ் பாலிங்கும் பிராக்வேயும் அதைத் திருத்திச் சரியான வடிவை நிறுவினர்.

புற வடிவம்
இயற்கையில் பெரும்பாலும் உருவமற்ற திரளாகவே கிடைக்கிறது. நன்கு வளர்ந்த படிகங்கள் நான்முகியை ஒத்திருக்கும். முகங்கள் இருசமபக்க முக்கோணங்களாக அமையும். இரட்டைப் படிகங்களும் உண்டு.

அடையாளம் காணல்
மோவின் அளவுகோலில் கடினத்தன்மை 3.5 முதல் 4 வரை, ஒப்படர்த்தி 4.1 முதல் 4.3 வரை. மெருகிடாத பீங்கானில் உரசினால் பச்சை கலந்த கருங்கீற்று விழும். இதே தோற்றமுள்ள பைரைட்டைக் கத்தியால் கீற முடியாது, இதைக் கீறலாம். தங்கம் அடித்தால் தகடாகும், இது நொறுங்கும். காற்றுப் பட்டு நாளானால் மேற்பரப்பில் நீலமும் ஊதாவுமாக நிறங்கள் மின்னும்.

கிடைக்குமிடங்களும் பயனும்
சிலியின் சுக்கிகமாட்டா, அமெரிக்காவின் பிங்காம் பள்ளத்தாக்கு ஆகிய பெருஞ்சுரங்கங்களின் முக்கியத் தாதுக்களில் இது ஒன்று. இந்தியாவில் ராஜஸ்தானின் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட், ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதிகளிலும், இலங்கையில் திருகோணமலை மாவட்டத்தின் சேருவிலவில் மேக்னடைட்டோடு சேர்ந்தும் கிடைக்கிறது.

வெட்டியெடுக்கும் பாறையில் செம்பு பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதனால் பாறையைப் பொடித்து, நுரை மிதப்பு முறையில் தாதுவைச் செறிவாக்கிய பிறகே உருக்குகின்றனர். அப்போது வெளியேறும் கந்தக டைஆக்சைடிலிருந்து கந்தக அமிலம் தயாரிக்கப்படுகிறது.