கல்கத்தாவில் கப்பலேறிய இரட்டைக் குட்டி

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். வெள்ளாடு ஈத்துக்கு இரண்டு போடும். செம்மறி பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். இந்தக் கணக்கை மீறி மூன்று, நான்கு என்று ஈனும் செம்மறிகளும் உலகின் பல மூலைகளில் உண்டு. அவற்றில் பலவற்றை ஆராய்ந்தபோது, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தெரிந்த இனங்களுக்குள் ஒரே மரபணு மாற்றம் ஒளிந்திருந்தது. அது ஊர் சுற்றிய கதை வங்காளத்தில் தொடங்குகிறது.

சுந்தரவனத்துச் சதுப்பு நிலத்தில் 'கரோல்' என்றொரு குள்ளச் செம்மறி உண்டு. வளர்ந்த ஆடே பத்துப் பதினைந்து கிலோதான் இருக்கும். தண்ணீர் தேங்கிய வயலிலும் இறங்கி மேயும். உருவம்தான் சிறிது, இரட்டையும் மூன்றும் அதற்குச் சாதாரணம்.

1788-ல் சிட்னியில் ஆங்கிலேயர் அமைத்த கைதிகள் குடியிருப்பு சில ஆண்டுகளிலேயே பசியில் தவித்தது. உதவிக்குக் கல்கத்தா பக்கம் கை நீட்டினார்கள். 1792-ல் 'அட்லாண்டிக்' என்ற கப்பல் அரிசி, பருப்போடு வங்கத்து ஆடுகளையும் கொண்டுபோய் இறக்கியது. மறு ஆண்டும் ஆடுகள் போயின. கறிக்காகப் போனவை அவை; கம்பளியில் அவற்றுக்குப் பெயரில்லை. ஆனாலும் ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தந்தை எனப்படும் ஜான் மெக்கார்தர், தொடக்கத்தில் வாங்கிய மந்தை இந்த வங்கத்து ஆடுகள்தான். அவற்றோடு அயர்லாந்து ஆடுகளைக் கலந்தபோது குட்டிகளுக்கு முடியும் கம்பளியும் சேர்ந்து வளர்ந்ததைப் பார்த்த பிறகே கம்பளி ஆசை அவரைப் பிடித்தது. பின்னால் ஸ்பெயின் வழிவந்த மெரினோ ஆடுகள் வந்து இறங்கின. வங்கத்து ஆடு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோனது. ரத்தம் மட்டும் எங்கோ தங்கிவிட்டது.

அது மீண்டும் தலைகாட்ட ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கூமா ஊருக்குப் பக்கத்தில் 'பூரூலா' என்ற பண்ணை. அதை நடத்திய சியர்ஸ் சகோதரர்கள் ஒரு ஈத்தில் பல குட்டியாகப் பிறந்த ஆடுகளையே பொறுக்கி இனவிருத்திக்கு விட்டார்கள். 1958-ல், ஒரே ஈத்தில் பிறந்த ஐந்தில் ஒன்றான கிடாவை அரசு ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ-வுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

அங்கே உருவான பூரூலா மந்தையைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் ஹெலன் நியூட்டன் டர்னர். கட்டடக்கலை படித்தவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆய்வகத்துக்குச் செயலராக வந்து, புள்ளியியல் கற்று, ஆட்டு மரபியலில் உலகப் பெயர் எடுத்தவர். குட்டி எண்ணிக்கை என்பது நூற்றுக்கணக்கான மரபணுக்களின் கூட்டு விளைவு, தெரிவு செய்து மெல்ல மெல்லத்தான் உயர்த்த முடியும் என்பது அன்றைய பாடம். பூரூலா ஆடுகளோ அந்தப் பாடத்துக்கு அடங்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பைப்பரும் பிண்டனும், நியூசிலாந்தில் டேவிஸ் குழுவும் இதற்குக் காரணம் ஒரே ஒரு பெரிய மரபணு என்று காட்டினார்கள். ஒரு பிரதி இருந்தால் ஈத்துக்குச் சுமார் ஒரு குட்டி கூடும். இரண்டு பிரதி இருந்தால் இன்னும் கூடும். டர்னர் பழைய குடியேற்ற ஆவணங்களைத் துழாவி, அதன் வேர் 1792, 1793-ல் வந்த வங்கத்து ஆடுகளில் இருக்கலாம் என்றார்.

புகழ் பரவியதும் பூரூலா கிடாக்களுக்குக் கிராக்கி வந்தது. நியூசிலாந்து, பிரான்ஸ், இஸ்ரேல் என்று பல நாடுகள் அந்த ரத்தத்தைத் தங்கள் ஆடுகளில் ஏற்றிப் பார்த்தன. 2001-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே விடையைத் தொட்டன. ஆறாவது குரோமோசோமில் ஒரேயொரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் சூலகத்தின் ஒரு புரதத்தில் 249-ஆம் இடத்தில் குளுட்டமினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்து உட்காருகிறது. முட்டைப்பைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடுகின்றன. ஒரு சுழற்சியில் ஒன்றுக்குப் பதில் பல முட்டைகள் வெளிவருகின்றன.

இந்த மாற்றத்தைக் கண்டறியும் சோதனை கைக்கு வந்ததும் எல்லோரும் தங்கள் ஆட்டைப் பரிசோதித்தார்கள். கரோலில் அதே மாற்றம் இருந்தது. டர்னரின் ஊகம் பலித்தது. ஜாவாவின் மெலிந்த வால் ஆட்டிலும், சீனாவின் ஹூ, சிறுவால் ஹான் ஆடுகளிலும் இருந்தது. நம் நீலகிரி ஆட்டிலும் தென்பட்டது. அந்த இனமோ கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோவையும் சில பிரிட்டிஷ் இனங்களையும் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானது.

இதற்கிடையே மகாராஷ்டிரத்தின் பல்டன் ஊரில் பி. வி. நிம்ப்கர் நிறுவிய வேளாண் ஆய்வு நிறுவனம், பூரூலாவின் மூலத்தைத் தேடி நேராகச் சுந்தரவனத்துக்கே போனது. 1990களில் கரோல் ஆடுகளைக் கொண்டுவந்து ஒற்றைக் குட்டி போடும் தக்காணி ஆட்டோடு கலந்தார்கள். பிறந்த இனம் 'நாரி சுவர்ணா'. ராஜஸ்தானின் அவிகாநகர் மத்திய நிறுவனமும் கரோலை மால்புரா, பட்டன்வாடி ஆடுகளோடு சேர்த்து 'அவிஷான்' உருவாக்கியது.

குட்டி கூடினால் லாபமும் கூடும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இந்த மரபணு ஒரு பாடமும் சொன்னது. மூன்று நான்காய்ப் பிறப்பவை எடை குறைந்து பிறக்கும்; தாய்க்கோ இரண்டு காம்புதான். ஆஸ்திரேலியாவின் பரந்த மேய்ச்சல் நிலங்களில் பூரூலா பெரிதாக எடுபடாததற்கு, பிறந்த குட்டிகள் இறந்துபோவதும் ஒரு காரணம். பல்டனில் அதனாலேயே ஒற்றைப் பிரதியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்று கண்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் நமக்குச் சொன்ன அதே 'நமக்கு இருவர்' கணக்குதான். மழை பெய்து மேய்ச்சல் இருக்கும் ஆண்டில் இரட்டைக் குட்டி வரவு. தீவனமும் கவனிப்பும் இல்லாத பட்டியில் அதுவே செலவு. ஆகவே இந்த ரகக் கிடா வாங்க நினைப்பவர்கள் முதலில் தீவனத்துக்கு வழி பார்த்துக்கொள்வது நல்லது.