வாசல் வரை வரும் பிள்ளை: கொல்கத்தாவின் சிறுபிள்ளைப் பள்ளிகளும் மிஷனரிப் பெண்களின் அன்றாடமும்

வங்காளத்தில் கிறித்தவ மிஷனரிகளின் கல்விப்பணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியிலிருந்தோ, 1830இல் அலெக்சாண்டர் டஃப் கல்கத்தாவில் திறந்த ஆங்கிலப் பள்ளியிலிருந்தோ ஆரம்பிக்கிறார்கள். இரண்டும் ஆண்களின் கதை. வளர்ந்த மாணவர்களின் கதை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த பள்ளிகளின் வரலாறு வேறு தடத்தில் போகிறது. அந்தப் பள்ளிகளை நடத்திய மிஷனரிப் பெண்களின் உழைப்பில் பெரும்பகுதி பாடம் நடத்துவதற்குச் செலவாகவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பிள்ளையை வீட்டிலிருந்து வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கும், மறுநாளும் அது வரும்படி செய்வதற்கும்தான் அவர்களுடைய நாள் கழிந்தது.

மிஷனரிகள் வந்தபோது வங்காளத்தில் எழுத்தறிவிக்க ஆளில்லாமல் இல்லை. ஊர்தோறும் பாடசாலைகள் இருந்தன. பாப்டிஸ்ட் மிஷனரியாக வந்து, ராம்மோகன் ராயின் நட்பால் யூனிடேரியனாக மாறிய வில்லியம் ஆடம், 1835 முதல் 1838 வரை அரசுக்கு அளித்த மூன்று அறிக்கைகளில் அவற்றின் நடைமுறையை விவரித்திருக்கிறார். பிள்ளை முதலில் தரையில் எழுதும். பிறகு பனையோலை, அடுத்து வாழையிலை, கடைசியில் காகிதம். சரஸ்வதி பூஜையன்று குழந்தையின் கையில் சுண்ணக்கட்டியைப் பிடித்து எழுதவைக்கும் ‘ஹாதே கொடி’ சடங்கு இன்றும் வங்காளி வீடுகளில் நடக்கிறது. நெல்லைப் பரப்பி ‘அ’ எழுதவைக்கும் நமக்கு அது அந்நியமில்லை.

இந்த இடத்தில் சென்னையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். 1789 முதல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே ஜோசப் லங்காஸ்டரும் ஏறத்தாழ அதே முறையில் பள்ளி நடத்தினார். அவரைப் பின்பற்றியவர்கள் அமைத்த பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் ஸ்கூல் சொசைட்டிதான் 1821இல் மேரி ஆன் குக் என்ற பெண்ணைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. திண்ணையில் பிறந்த முறை லண்டனைச் சுற்றிக்கொண்டு ஹூக்ளிக் கரைக்கு வந்த வழி இது.

குக் வந்திறங்கியதும் சிக்கல் எழுந்தது. அவரை எதிர்பார்த்திருந்த கல்கத்தா ஸ்கூல் சொசைட்டியின் இந்திய உறுப்பினர்கள், பெண்பிள்ளைகளுக்கு வெளிப்படையாகப் பள்ளி நடத்தத் தயங்கினர். சர்ச் மிஷனரி சொசைட்டி அவரை ஏற்றுக்கொண்டது. முதலில் அவர் செய்தது வங்காளி படிப்பதுதான். 1822 ஜனவரியில், உச்சரிப்பைக் கேட்டுப் பழகலாம் என்று ஓர் ஆண்பிள்ளைப் பள்ளிக்குப் போனார். வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்க்கக் கூட்டம் கூடியது. வாசலில் நின்ற ஒரு சிறுமியைப் பண்டிதர் விரட்டிக்கொண்டிருந்தார். விசாரித்தால், பையன்களோடு தன்னையும் படிக்கவிடச் சொல்லி அவள் மூன்று மாதமாக நச்சரிக்கிறாளாம். மறுநாள் குக் திரும்பி வந்தபோது பதினைந்து சிறுமிகள் காத்திருந்தார்கள். தாய்மார்கள் மூங்கில் தட்டிக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். கல்யாணமாகாத பெண் இவ்வளவு தூரம் வந்து பாடம் சொல்லிக்கொடுப்பதால் இவளுக்கு என்ன கிடைக்கும் என்பதே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. தந்தனியாவில் முதல் பள்ளி அப்படித்தான் தொடங்கியது.

பிரிசில்லா சாப்மன் 1839இல் வெளியிட்ட நூலில் இச்சம்பவம் விரிவாக இடம்பெறுகிறது. மிஷன் ஆதரவாளர்களுக்காக எழுதப்பட்ட நூல் என்பதால் அதன் பரவசத்தைக் கொஞ்சம் குறைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் அந்த வகை நூல்களில் தற்செயலாக விழும் நிர்வாக விவரங்கள் நம்பத்தக்கவை. அவற்றுள் முக்கியமானது ‘ஹர்காரா’ பெண்களைப் பற்றியது. காலையில் வீடு வீடாகப் போய்ச் சிறுமிகளைத் திரட்டிக்கொண்டு வரவும், பிறகு கொண்டுபோய் விடவும் கூலிக்குப் பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். எத்தனை பிள்ளையை அழைத்து வந்தார்களோ அதைப் பொறுத்துக் கூலி. தெருவில் தனியாக நடக்கக்கூடாத பெண்பிள்ளை, தெரிந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வரலாம். ஏழை அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தியின் நடையில்லாமல் குக்கின் பள்ளி ஒருநாளும் நடந்திருக்காது. மிஷனரி வரலாறும் தேசிய வரலாறும் இந்த ஹர்காராப் பெண்களை ஓரிரு வரிகளில் கடந்துபோவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

குக் 1823இல் ஐசக் வில்சன் என்ற மிஷனரியை மணந்தார்; 1828இல் விதவையானார்; பணியை விடவில்லை. நகரெங்கும் சிதறிக்கிடந்த சிறு பள்ளிகளை ஒருவரே சுற்றிப் பார்த்து முடியாது என்பதால், மையப் பள்ளி ஒன்றுக்கு 1826 மே மாதம் கார்ன்வாலிஸ் சதுக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. ராஜா வைத்தியநாத ராய் 20,000 ரூபாய் கொடுத்தார். இவ்வளவுக்குப் பிறகும் பத்து வயதை எட்டுவதற்குள் பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். பெண்கள் பள்ளி என்று பெயரிருந்தாலும், நடைமுறையில் அவை சிறுபிள்ளைப் பள்ளிகளாகவே இயங்கின என்பது என் கருத்து. வேதாகமப் பாடம் இருந்ததால் மேல்சாதிக் குடும்பங்கள் ஒதுங்கின. அந்த ஐயம் நியாயமானது. மதம் மாற்றும் நோக்கத்தை மிஷன் ஒளித்துவைக்கவும் இல்லை.

1849 மே மாதம் ஜான் பெத்யூன் மதப் பாடம் இல்லாத பெண்கள் பள்ளியைத் திறந்தபோது அந்த ஐயம் ஓரளவு தணிந்தது. பண்டிதர் மதன்மோகன் தர்க்காலங்கார் தம் இரு மகள்களை அனுப்பியதோடு, ‘சிசு சிக்‌ஷா’ என்ற அரிச்சுவடியையும் எழுதினார். அழைத்து வரும் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. பெத்யூன் பள்ளி அதற்குக் குதிரைவண்டி அனுப்பியது. மகளையும் அருமையாக வளர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று சொல்லும் சமஸ்கிருதச் செய்யுள் ஒன்றை அந்த வண்டியின் பக்கத்தில் எழுதிவைத்தார்கள். சாத்திரம் பேசி மறிப்பவருக்குச் சாத்திரமே பதில்.

அடுத்த நூறாண்டில் கொல்கத்தா கான்வென்டுகளின் நகரமாயிற்று. 1841 டிசம்பர் கடைசியில் வந்துசேர்ந்த லொரேட்டோ சகோதரிகள் நடத்திய பள்ளிகளில் ஒன்று எண்டாலியில் இருந்தது. 1929இல் கொல்கத்தாவுக்கு வந்த தெரசா, அங்குள்ள புனித மரியாள் பள்ளியில் ஆசிரியையாகி, 1944இல் தலைமையாசிரியை ஆனார். கான்வென்ட் மதிலுக்கு வெளியே மோதிஜில் என்னும் குடிசைப்பகுதி. மதிலுக்கு உள்ளே புல்தரையும் மணியோசையும்.

அன்னை தெரசா என்றதும் எல்லாரும் 1952இல் காளிகாட்டில் திறந்த ‘நிர்மல் ஹிருதய்’ என்னும் இறப்போர் இல்லத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதைச் சுற்றித்தான் புகழ்ச்சியும் கடும் விமர்சனமும். மதிலைத் தாண்டிவந்து அவர் தொடங்கிய முதல் வேலை சிறுபிள்ளைப் பள்ளிதான் என்பதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. 1948 ஆகஸ்டில் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையோடு லொரேட்டோவை விட்டுக் கிளம்பினார். பாட்னாவில் சில மாதம் மருத்துவச் சேவை பழகினார். டிசம்பரில் திரும்பி, முதியோரைப் பராமரிக்கும் சகோதரிகளின் இல்லத்தில் தங்கிக்கொண்டு, தினமும் மோதிஜிலுக்கு நடந்தார். பஞ்சமும் கலவரமும் பிரிவினையும் அடுத்தடுத்து வந்துபோன நகரம் அது.

அங்கே பலகையில்லை, மேசையில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வங்காளி எழுத்துகளைக் கீறினார். பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டுப் பாடம். நடுப்பகலில் பால். ஒழுங்காக வந்தவர்களுக்கும் சுத்தமாக வந்தவர்களுக்கும் பரிசு சோப்புக்கட்டி. நாட்டின் சிறந்த கான்வென்டுகளில் ஒன்றில் இருபதாண்டுக்கு நெருங்கிய அனுபவம் கொண்ட ஆசிரியை, பரிசாகப் படமோ புத்தகமோ கொடுக்காமல் சோப்பைத் தேர்ந்தெடுத்தது தேர்ந்த கல்வியறிவு. சோப்பு வீட்டுக்குப் போகும். தாயும் தங்கச்சியும் தேய்த்துக்கொள்வார்கள். பள்ளியால் வீட்டுக்கு ஏதோ கிடைக்கிறது என்று தாய்க்குத் தெரியும். பாடம் முடிந்த பிறகு அவர் நாளின் மறுபாதி ஆரம்பித்தது: மருந்து கேட்டு, பணம் கேட்டு, இடம் கேட்டு அலைவது. வீடு தேடி நடந்து கால் கடுத்த ஒருநாளில், ஏழைகளின் உடல் எவ்வளவு வலிக்கும் என்று எண்ணிப் பார்த்ததையும், லொரேட்டோவின் வசதி தன்னைத் திரும்ப அழைத்ததையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். 1949 பிப்ரவரியில் கிரீக் லேனில் மைக்கேல் கோம்ஸ் குடும்பத்தின் வீட்டு மாடியில் இடம் கிடைத்தது. மார்ச்சில் அவருடைய பழைய மாணவி சுபாஷிணி தாஸ் முதல் துணையாக வந்து சேர்ந்தார். சபைக்கு அங்கீகாரம் வந்தது 1950 அக்டோபர் 7ஆம் தேதிதான். பள்ளி அதற்கும் மூத்தது.

அரசு இந்தப் பொறுப்பைக் கையிலெடுக்க 1975 அக்டோபர் 2 வரை ஆயிற்று. அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியும் சோற்றையும் எழுத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. ஆனால் நடைபாதையில் வாழும் குழந்தைக்கு எந்தப் பதிவேட்டிலும் முகவரி இல்லை. அந்த இடைவெளியில் இறங்கியவர் சிரில் மூனி.

அயர்லாந்துக்காரரான இந்த லொரேட்டோ சகோதரி 1956இல் இந்தியா வந்தவர். விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1979இல் சியால்தா லொரேட்டோ பள்ளிக்கு முதல்வரானபோது, கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே ஏழைப் பிள்ளைகள் ஒருசிலரே இருந்தார்கள். படிப்படியாக ஏறத்தாழப் பாதி இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஆக்கினார். 1985இல் ‘ரெயின்போ’ திட்டத்தைத் தொடங்கினார். சியால்தா ரயில் நிலையத்தைச் சுற்றிப் பிழைக்கும் பிள்ளைகள் எந்த நேரமும் மாடியேறி வரலாம். தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரலாம். வேலை இருந்தால் பாதியில் எழுந்து போகலாம்; மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சொல்லிக்கொடுப்பவள் பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட சிறுமி. ஒருத்திக்கு ஒரு பிள்ளை. எழும்பூரில் பெல் எடுத்துக்கொண்ட சட்டாம்பிள்ளை முறையிலிருந்து இதில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே குறைந்த செலவில் நிறையப் பேருக்குப் பாடம் போய்ச் சேர வேண்டும் என்பதே கணக்கு. இங்கே கட்டணம் கட்டும் வீட்டுப் பெண், ரயிலடியில் தூங்கும் பிள்ளையின் பெயரையும் கோபத்தையும் பசியையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் பாடத்தின் பாதி. கற்பிப்பவளுக்கே அதில் அதிகப் பயன் என்று சொன்னாலும் மிகையில்லை.

இதே அனுபவத்திலிருந்து, பட்டம் இல்லாத கிராமத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்துத் தங்கள் ஊரிலேயே சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்க வைக்கும் ‘வெறுங்கால் ஆசிரியர்’ திட்டம் விரிந்தது. கையில் கிடைக்கும் குச்சியும் மூடியும் அட்டையும் அவர்களுக்குப் பாடக் கருவிகள். மூனிக்கு 2007இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2011 வரை முதல்வராக இருந்து, 2023 ஜூனில் காலமானார்.

நகரைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளுக்கும் இப்பணி சென்றது. மழைக்காலம் முடிந்ததும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. அடுத்த மழை தொடங்குமுன் கிளம்பிவிடுகின்றன. வழக்கமான கல்வியாண்டின்படி நடக்கும் எந்தப் பள்ளியும் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. அதனால் ஆசிரியர் சூளைக்கே போகிறார். தாய் பச்சைக்கல் அறுக்கும் களத்துக்குப் பக்கத்திலேயே, சூளை எரியும் மாதங்களுக்குள் அடங்கும்படி பாடம் வகுக்கப்படுகிறது.