திசைச்சொற்கள் கூறும் வரலாறு

தமிழில் கிழக்கும் மேற்கும் நிலத்தின் சரிவிலிருந்து பிறந்த பெயர்கள். மேற்கே மலைத்தொடர் உயர்ந்தும், கிழக்கே கடல் தாழ்ந்தும் உள்ள நாட்டில் ‘மேல்’ மேற்கையும் ‘கீழ்’ கிழக்கையும் குறித்தன. இவ்விரு சொற்களையும் தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள்களுள் வைத்துள்ளார். கேரளத்தில் உயர்நிலம் இருப்பது கிழக்கே. ஆயினும் மலையாளத்தார் அத்திசையைக் ‘கிழக்கு’ என்றே வழங்குகின்றனர். மலைக்கு இப்பாலிருந்து சென்ற மொழி அது என்பதற்குக் கால்டுவெல் பாதிரியார் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) இதனைச் சான்றாகக் காட்டினார்.

நாம் வாழும் மும்பையிலும் கடல் மேற்கே உள்ளது. 1853-இல் இந்நகருக்கு இருப்புப்பாதை வந்தது. நாளடைவில் கிழக்கும் மேற்கும் தண்டவாளத்தின் இருபுறங்களுக்குப் பெயராயின.

தருக்க நூலார் திசையை ஓர் உறவாகக் கொள்வர். மாஹிம் தாராவிக்கு மேற்கு. தாராவி செம்பூருக்கு மேற்கு. எனவே மாஹிம் செம்பூருக்கு மேற்கு. நிலையப் பெயர்களில் இவ்வனுமானம் செல்லாது. ‘மாதுங்கா கிழக்கு’, ‘செம்பூர் மேற்கு’க்கும் மேற்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் தன் பாதையையே எல்லையாகக் கொள்வது இதற்குக் காரணம்.

இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு இச்சொற்கள் வெறும் முகவரியாகிவிடக்கூடும். ‘மேற்கு’ என்னும் சொல்லினுள் ஒரு மலை நிற்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடன்.