தரவுத்தளத் தெரிவும் உடைமை உறவுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

இணையச் செயலியொன்றுக்கு எத்தரவுத்தளம் பொருத்தமானது என்னும் வினா, பெரும்பாலும் வேகம், கொள்ளளவு, செலவு என்பன பற்றிய தொழில்நுட்ப வினாவாகவே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவின் வரலாறு உடைமை உறவுகளின் வரலாறுமாகும் என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை.

1970ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய எட்கார் கொட் தொடர்புநிலைத் தரவு மாதிரியை முன்வைத்தார். தரவு இயந்திரத்தினுள் எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமலே, அதனை அட்டவணைகளாகக் கருதி வினவலாம் என்பதே அதன் சாரம். ஆயினும் அந்நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணரத் தயங்கியது. படிநிலை அமைப்புடைய ஐ.எம்.எஸ். என்னும் அதன் பழைய தரவுத்தளம் ஈட்டித் தந்த வருவாய் அத்தயக்கத்துக்கு ஒரு காரணமாயிற்று. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சிக்கு உடைமை உறவுகள் தளையாவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. பின்னர் ஒறக்கிள் எனப் பெயர்பெற்ற சிறு நிறுவனம் 1979இல் தன் தொடர்புநிலைத் தரவுத்தளத்தை விற்பனைக்கு விட்டது, ஐ.பி.எம்.மினது 1981இலேயே வெளிவந்தது.

இணையம் பரவியபோது, உரிமக் கட்டணம் செலுத்த இயலாத சிறு முயற்சியாளர் 1995இல் தோன்றிய மைஎஸ்கியூஎல்லை நாடினர். அதன் மூலநிரல் திறந்ததாயினும் பதிப்புரிமை தனி நிறுவனமொன்றிடமே இருந்தது. அந்நிறுவனத்தை 2008இல் சன் வாங்கியது; சன்னை 2010இல் ஒறக்கிள் வாங்கியது. இம்மாற்றத்தை அஞ்சியோர் 2009இலேயே மரியாடிபி என்னும் கிளையைத் தோற்றுவித்திருந்தனர். திறந்த மூலநிரலே அதனைச் சாத்தியமாக்கிற்று.

கூகிள் 2006இலும் அமேசன் 2007இலும் வெளியிட்ட ஆய்வுரைகள் பிறிதொரு திருப்பத்தைக் குறித்தன. ஆயிரக்கணக்கான இயந்திரங்களிற் பரந்து கிடக்கும் தரவுக்காக அவை தொடர்புநிலை மாதிரியின் சில உறுதிப்பாடுகளைக் கைவிட்டன. பேராலையின் தேவைக்கெனப் பிறந்த அத்தீர்வைச் சிறு பட்டறையினரும் புதுமை எனக் கருதிப் பின்பற்றினர். 2009இல் வெளிவந்த ஆவணவகைத் தரவுத்தளமான மொங்கோடிபி, 2018இல் தன் உரிம விதிகளை இறுக்கியது. அதனைச் சேவையாக விற்கும் முகில் நிறுவனங்களுடனான இலாபப் போட்டியே அதன் பின்னணியாகும்.

எனினும், உடைமையை மட்டுங் கொண்டு தெரிவைத் தீர்மானித்தல் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகிவிடும். தொழில்நுட்பத்துக்குச் சார்புநிலைச் சுயாதீனம் உண்டு. ஒரு கணக்கிற் கழிக்கப்படும் தொகை மற்றதிற் சேர்க்கப்பட்டே ஆகவேண்டும். இரண்டும் நிகழவேண்டும், அன்றேல் எதுவும் நிகழலாகாது. மாணவர், பாடம், பெறுபேறு போன்று ஒன்றோடொன்று பிணைந்த தரவுக்குத் தொடர்புநிலை மாதிரியே உகந்தது. அமைப்பு மாறிக்கொண்டேயிருக்கும் பதிவுகளுக்கு ஆவணவகை பொருந்தும். வாசகர் பலராயும் எழுதுவோர் சிலராயுமுள்ள சிறு தளத்துக்கு, ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைற் போதுமானது.

இவ்விரு நோக்கும் சந்திக்குமிடத்திலேயே போஸ்ற்கிறெஸ்கியூஎல் முக்கியத்துவம் பெறுகின்றது. பேர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வளர்ந்த அது, தனியொரு நிறுவனத்தின் உடைமையன்று. ஆவணவகைத் தரவையும் ஏற்கவல்லது. பெரும்பாலான இணையச் செயலிகளுக்கு அதிலிருந்து தொடங்குவதே தக்கது என்பது எமது துணிபு.

தரவு பெருகியபின் தளத்தை மாற்றுதல் பெருஞ்செலவுடையது. நூலகமாயினும் மருத்துவமனையாயினும், தன் பதிவுகள் எவருடைய நிபந்தனைகளுக்கு உட்படப்போகின்றன என்பதை முதல் நாளிலேயே வினவுதல் வேண்டும்.