சோதனைக்கு முந்திய சிமென்ட் ஊசி

1984-இல் பிரான்சின் அமியான் நகரில், ரத்தநாளக் கட்டி அரித்த ஒரு பெண்ணின் கழுத்து முள்ளெலும்புக்குள், பியேர் கலிபேர், எர்வே தெராமோன் என்ற இரு மருத்துவர்கள் ஊசி வழியே அக்ரிலிக் சிமென்டைச் செலுத்தினார்கள். வலி அடங்கியது. பொடியும் திரவமும் கலந்து குழம்பாகி, சில நிமிடங்களில் சூடேறி இறுகும் இந்தப் பொருள் புதிதல்ல. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1950-களின் இறுதியிலிருந்தே செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்த அதைப் பயன்படுத்தினார். கட்டிக்காகப் பிறந்த ஊசி, எலும்புப்புரையால் நொறுங்கிய முதுகெலும்புக்கு மாறியது. 1990-களில் அமெரிக்காவில் பரவி, வெர்டிப்ரோபிளாஸ்டி என்ற பெயரில் வழக்கமான சிகிச்சையாகவே ஆகிவிட்டது. அதை முறையாகச் சோதித்துப் பார்க்கும் வேலை மட்டும் பின்தங்கியது.

ஊசி போட்டவர்கள் எழுந்து நடந்ததைக் கண்ணால் கண்டோமே, அது போதாதா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். போதாது. இத்தகைய முறிவின் வலி பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி மருத்துவமனைக்கு வருகிறார். எது மருந்தின் பலன், எது காலத்தின் பலன் என்பதை ஒப்பீடுதான் பிரித்துக் காட்டும். 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அதைச் செய்தன. ஒன்றில் 78 பேர், மற்றொன்றில் 131 பேர். பாதிப் பேருக்குச் சிமென்ட் செலுத்தவில்லை. ஆனால் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள், சிமென்டின் நெடி அறையில் பரவும்படியும் செய்தார்கள். இரு தரப்பினருக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது.

துடிப்பவருக்குப் பொய்ச் சிகிச்சை அளிப்பது கொடுமையல்லவா? பங்கேற்றவர்கள் விவரம் அறிந்து சம்மதித்தவர்கள். நுரையீரலுக்கோ தண்டுவடக் குழாய்க்கோ சிமென்ட் கசியக்கூடிய ஒரு சிகிச்சையை, சோதிக்காமலே ஆயிரக்கணக்கானோருக்கு அளிப்பதுதான் பெரிய கொடுமை. அந்த ஆய்வுகள் ஓராண்டு வரை பழைய முறிவுகளையும் சேர்த்துக்கொண்டன என்ற ஆட்சேபம் நியாயமானது. 2016-இல் ஆஸ்திரேலியாவில், ஆறு வாரத்துக்குட்பட்ட முறிவும் கடும் வலியும் உள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வில் சிமென்டுக்குப் பலன் தெரிந்தது. ஆனால் 2018-இல் நெதர்லாந்தில், ஒன்பது வாரம் வரையிலான முறிவுள்ள 180 பேரிடம் வேறுபாடு தெரியவில்லை. புதிய முறிவால் படுக்கையில் முடங்கிய சிலருக்கு இது உதவலாம். எல்லோருக்கும் உரிய வழியல்ல.

முதல் ஊசிக்கும் 2009-இன் முறையான சோதனைகளுக்கும் இடையே 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. புதிய சிகிச்சை எதுவானாலும், அது பரவும் முன்பே சோதனை நடக்க வேண்டும். இன்னொன்று: சிமென்ட் எலும்புப்புரையைக் குணமாக்காது. ஒரு முள்ளெலும்பு நொறுங்கியவருக்கு அடுத்ததும் நொறுங்கலாம். ஆகவே வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படி நேர்ந்தால், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்து அதற்குரிய மருந்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.